கரிசல் பூமியின் சாலை: கறுப்பினப் பெண்களும் எச்.ஐ.வி. தடுப்பும்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் புதிதாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்படும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கறுப்பினத்தவர். அந்நாட்டுப் பெண்களில் அவர்களின் பங்கு சுமார் 13 சதவீதம்தான். வெள்ளையினப் பெண்களுக்குக் கண்டறியப்படும் விகிதத்தைப்போலச் சுமார் 10 மடங்கு விகிதத்தில் இவர்களுக்குத் தொற்று கண்டறியப்படுகிறது. நாட்டின் புதிய தொற்றுகளில் ஏறக்குறையப் பாதி தென்மாநிலங்களில் நிகழ்கிறது. நோய் இங்கே வேர்பிடித்த காரணங்களையும், அதை எதிர்கொண்டவர்கள் கண்டுபிடித்த வழிகளையும் ஒரே சாலைத்தடத்தில் பார்த்துவிட முடியும். தென் கரோலினாவின் தலைநகர் கொலம்பியாவில் தொடங்கி ஜார்ஜியா, அலபாமா வழியாக மிசிசிப்பியின் மவுண்ட் பேயூ என்னும் சிற்றூரில் முடியும் அந்தத் தடம் சுமார் 1,200 கிலோமீட்டர் நீளமுள்ளது.

கொலம்பியா: பார்லரில் ஒரு கூடை

தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் நம்பி மணிக்கணக்கில் உட்காரும் இடங்கள் இரண்டு: தேவாலயம், பியூட்டி பார்லர். முடியைப் பின்னி முடிக்கச் சில சமயம் நான்கைந்து மணி நேரம்கூட ஆகும். தலையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவள், கொஞ்ச நேரத்தில் மனதில் உள்ளதையும் பேசத் தொடங்கிவிடுகிறாள். கணவன், காதலன், கடன், பிள்ளையின் காய்ச்சல் என்று எல்லாம் அந்த நாற்காலியில் வெளிவருகின்றன.

கொலம்பியாவில் பார்லர் நடத்திய டயானா டயானா என்பவர் 1986இல் எய்ட்ஸ் பற்றிப் படித்தார். ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனித்தார். ஒரு கூடையில் ஆணுறைகளை நிரப்பிப் பார்லரில் வைத்தார். வாடிக்கையாளர்கள் கூச்சத்தில் கை நீட்டத் தயங்கினார்கள். அதனால் ஒவ்வோர் ஆணுறையையும் பரிசுப்பொருள்போல வண்ணத்தாளில் சுற்றி வைத்தார். வண்ணப் பொட்டலத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வதில் யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை. பொட்டலத்தோடு பேச்சும் தொடர்ந்தது. சுகாதாரக் கல்வியாளர் பாம்பி சம்ப்டர் அவரோடு சேர, அந்தப் பார்லரே தென் கரோலினா எய்ட்ஸ் கல்வி வலையமைப்பின் பிறப்பிடமானது. எலன் ஸ்பைரோ இந்த முயற்சியை ஆவணப்படமாக எடுத்தார்.

இந்த வழி பழங்கதையாகிவிடவில்லை. பக்கத்து மாநிலமான வட கரோலினாவில், டியூக் பல்கலைக்கழகத்தின் செவிலியப் பேராசிரியர் செனிட்டா ராண்டால்ஃபும் அவர் குழுவும் பார்லர் நடத்துபவர்களோடு சேர்ந்து, தொற்றைத் தடுக்கும் ப்ரெப் மருந்தைப் பற்றி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு எடுத்துச்சொல்லும் திட்டத்தை உருவாக்கினார்கள். செய்தி மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருப்பதைவிட, முடி பின்னுபவரின் வாயிலிருந்து வரும்போது காதில் நிற்கிறது.

அதே கொலம்பியாவில் மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர் யார் என்பது மாண்ட்காமரியில் விளங்கும்.

நெடுஞ்சாலையில்: காரணம் எங்கே இருக்கிறது

கொலம்பியாவிலிருந்து அட்லாண்டாவுக்கு 20ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 345 கிலோமீட்டர். இருபுறமும் பைன் மரங்கள். ஜார்ஜியாவுக்குள் நுழைந்ததும் வெட்டிய கரைகளில் செம்மண் தெரிகிறது. கிளைச்சாலைகளில் திரும்பினால் சிற்றூர்கள் வருகின்றன. அங்கே வேலை குறைவு, பேருந்து அரிது. சிறைக்குப் போய்வந்த ஆண்கள் இல்லாத தெரு அபூர்வம்.

இத்தகைய ஊர்களை ஆராய்ந்தவர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் தொற்றுநோய் மருத்துவர் அடோரா அடிமோரா. 2024இல் மறையும்வரை அவர் வலியுறுத்திய கருத்து இது: கறுப்பினப் பெண்களுக்குத் தொற்று அதிகமாவதை அவர்களின் நடத்தை விளக்கிவிடாது. ஒரு பெண் ஒரே துணையோடு வாழ்ந்தும் தொற்றுக்கு ஆளாகலாம். இளவயது மரணமும் சிறைத்தண்டனையும் கறுப்பின ஆண்களை ஊரிலிருந்து அகற்றுகின்றன. பெண்களின் எண்ணிக்கைக்கு ஆண்கள் போதாமல் போகிறார்கள். துணை சிறைக்குப் போகும்போது உறவு அறுகிறது, அவன் திரும்பும்போது மறுபடி ஒட்டுகிறது. ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட உறவுகள் அமைகின்றன. சமூகம் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதால் வைரஸ் அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. இப்படி, வேறோர் இடத்தில் சின்ன ஆபத்தாக முடியும் அதே செயல் இங்கே பெரிய ஆபத்தாகிறது.

இதோடு இன்னொரு முடிச்சும் உண்டு. மானிடவியலாளர் மெரில் சிங்கர் 1990களில், போதை, வன்முறை, எய்ட்ஸ் ஆகிய மூன்றும் ஏழைகளின் வாழ்வில் தனித்தனியே வருவதில்லை, ஒன்று மற்றொன்றை ஊட்டி வளர்க்கிறது என்று காட்டினார். அடிக்கும் ஆணிடம் ஆணுறை அணியச் சொல்ல ஒரு பெண்ணால் முடியாது. அடியின் நினைவை மறக்க மது, மது மயக்கத்தில் பாதுகாப்பற்ற உறவு, தொற்று வந்தபின் மனச்சோர்வு, மனச்சோர்வால் மாத்திரை தவறுவது என்று சங்கிலி நீள்கிறது. மருத்துவர் எட்வர்ட் மக்டிங்கரும் அவர் குழுவும் 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அமெரிக்காவில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களில் சுமார் 55 சதவீதத்தினர் துணைவரின் வன்முறையை அனுபவித்தவர்கள் என்பதும், சுமார் 30 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் இருப்பதும் தெரிந்தன. மனநல மருத்துவத்தை ஒரு கட்டடத்திலும் எச்.ஐ.வி. மருத்துவத்தை வேறொரு கட்டடத்திலும் வைத்தால் இந்தச் சங்கிலி அறுபடாது.

அட்லாண்டா: வட்டமாக உட்கார்ந்த பெண்கள்

அட்லாண்டாவின் கிளிஃப்டன் சாலையில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இருக்கிறது. 1946இல் தெற்கின் மலேரியாவை ஒழிக்கத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. 1981 ஜூன் 5ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸின் ஐந்து இளைஞர்களுக்கு வந்த விநோத நிமோனியாவைப் பற்றி அதன் வார இதழ் வெளியிட்ட குறிப்புதான் எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கை. அந்த ஐவரும் ஆண்கள். பெண்களுக்கும் இந்த நோய் வரும் என்பது பொதுமக்கள் மனதில் பதியப் பல ஆண்டுகள் ஆயின.

அதே நகரில், அந்த மையத்தின் உதவியை எதிர்பாராமல், பெண்களின் மரபு ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. 1983இல் ஸ்பெல்மன் கல்லூரியில் உடல்நலச் செயற்பாட்டாளர் பில்லி ஏவரி கூட்டிய கறுப்பினப் பெண்கள் உடல்நல மாநாட்டுக்குப் பெண்கள் திரளாக வந்தார்கள். அதிலிருந்து ஊருக்கு ஊர் சுயஉதவிக் குழுக்கள் பிறந்தன. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தமக்கு நேர்ந்ததை ஒருவர் பின் ஒருவராகச் சொல்வார்கள். ரத்த அழுத்தம் பற்றித் தொடங்கும் பேச்சு, சிறுவயதில் நடந்த பாலியல் வன்கொடுமையில் போய் முடியும். உடம்பின் நோய்க்கும் மனதின் காயத்துக்கும் இடையே கோடு கிழிக்க முடியாது என்பதை ஆய்வறிக்கைகளுக்கு முன்பே அந்த வட்டம் அறிந்திருந்தது.

1989இல் டேஸோன் டிக்ஸன் டியாலோ தொடங்கிய சிஸ்டர்லவ் அமைப்பு இந்த மரபில் வந்தது. ஜார்ஜியாவில் பெண்களின் எச்.ஐ.வி. பிரச்சினையை மையமாகக்கொண்ட முதல் அமைப்பு அது. அதன் புகழ்பெற்ற நிகழ்ச்சியின் பெயர் ‘ஹெல்தி லவ்’. ஏற்கெனவே தோழிகளாக இருக்கும் ஒரு குழுவின் வீட்டுக்கோ கூடும் இடத்துக்கோ பயிற்சியாளரே போகிறார். ஒரே அமர்வு, மூன்று நான்கு மணி நேரம். சிரிப்பும் விளையாட்டுமாக ஆணுறையைக் கையாளவும், துணையிடம் பேசவும், பரிசோதனைக்குப் போகவும் பழக்குகிறார். முறையான ஆய்வில் பலன் உறுதியானதால், நோய்த் தடுப்பு மையம் இதைச் சான்றுள்ள தடுப்பு முறைகளின் பட்டியலில் சேர்த்தது. தோழிகளின் கூடத்தில் பிறந்த ஒன்று கிளிஃப்டன் சாலையின் ஏட்டில் ஏறியது.

இதற்கு இணையான இன்னொரு முறை ‘சிஸ்டா’. ஆய்வாளர்கள் ரால்ஃப் டிக்ளிமெண்டேவும் ஜீனா விங்குட்டும் சான் பிரான்சிஸ்கோவின் பேவியூ–ஹண்டர்ஸ் பாயிண்ட் பகுதியில் 18 முதல் 29 வயதுவரையுள்ள 128 கறுப்பினப் பெண்களிடம் சோதித்து 1995இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து அமர்வுகள். முதல் அமர்வில் வைரஸின் பாடம் கிடையாது. கறுப்பினப் பெண்ணாக இருப்பதன் பெருமிதம் குறித்த பேச்சோடுதான் அது தொடங்குகிறது. நோய் பற்றிய அறிவு, தன் கருத்தைத் துணிந்து சொல்லும் பழக்கம், தன்னைக் காத்துக்கொள்ளும் திறன் எல்லாம் அதன் பின்னரே வருகின்றன. தன்னைப் பெரிதாக மதிக்கும் பெண்தான் தன் உடம்புக்காக வாதாடுவாள் என்ற புரிதல் அந்த வரிசையில் இருக்கிறது. பயிற்சி பெற்றவர்களிடம் ஆணுறைப் பயன்பாடு கூடியது.

நகரின் மையத்தில் கிரேடி மருத்துவமனை. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பகுதிகளாக இயங்கிய காலத்தின் நினைவில் முதியவர்கள் இன்றும் அதைப் பன்மையில் ‘கிரேடிகள்’ என்பார்கள். ஏழைகளின் கடைசிப் புகலிடம் அது. போன்ஸ் டி லியோன் அவென்யூவில் இருக்கும் அதன் எச்.ஐ.வி. மருத்துவ மையம் நாட்டின் மிகப் பெரிய மையங்களில் ஒன்று. அங்கே தரப்படும் மருந்து வைரஸை ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு அடக்கிவிட்டால், உடலுறவின் வழியே அது பிறருக்குத் தொற்றாது. சிகிச்சையே தடுப்பாகவும் ஆகிறது. அதற்கு நாள் தவறாமல் மாத்திரை எடுக்கும் மனநிலை வேண்டும்.

அந்த மனநிலையைக் காக்கும் பணிக்கு கிரேடியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எமரி பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் நடீன் காஸ்லோ தொடங்கிய நியா திட்டம், வன்முறைக்கு ஆளாகித் தற்கொலைக்கு முயன்ற கறுப்பினப் பெண்களுக்கானது. ‘நியா’ என்ற சுவாஹிலிச் சொல்லுக்கு நோக்கம் என்று பொருள். எல்லாப் பாரத்தையும் தாங்குபவளே நல்ல பெண் என்ற எதிர்பார்ப்பைக் கறுப்பினப் பெண்கள் சிறுவயதிலிருந்தே சுமக்கிறார்கள். ஆய்வாளர் செரில் வுட்ஸ்–ஜிஸ்காம்பே 2010இல் இதை விரிவாக விளக்கினார். அழக்கூடாது, உதவி கேட்கக்கூடாது என்று வளர்ந்தவள் ஒரு குழுவில் உட்கார்ந்து முதன்முறையாக உதவி கேட்பது சிறிய காரியம் அல்ல.

டஸ்கீகி: நம்பிக்கை உடைந்த இடம்

அட்லாண்டாவிலிருந்து தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் போனால் அலபாமாவின் மேகன் கவுண்டியில் உள்ள டஸ்கீகி. இங்கிருந்து கறுப்பு மண் தொடங்குகிறது. பருத்திக்கு ஏற்ற கரிசல். ‘பிளாக் பெல்ட்’ என்ற பெயர் முதலில் இந்த மண்ணைத்தான் குறித்தது. பருத்தி பறிக்க அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்றும் இங்கே பெரும்பான்மை.

1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை இங்கே 600 கறுப்பின ஆண்களை ஓர் ஆய்வில் சேர்த்தது. 399 பேருக்கு சிஃபிலிஸ் நோய் இருந்தது, 201 பேருக்கு இல்லை. ‘கெட்ட ரத்தம்’ என்று மட்டும் அவர்களிடம் சொல்லப்பட்டது. 1940களில் பென்சிலின் எல்லா இடத்திலும் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அந்தச் சேவையின் முன்னாள் ஊழியர் பீட்டர் பக்ஸ்டன் தந்த தகவலைக்கொண்டு செய்தியாளர் ஜீன் ஹெல்லர் 1972 ஜூலையில் எழுதிய செய்தி வெளிவரும்வரை 40 ஆண்டுகள் இது நடந்தது. அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997 மே மாதத்தில்.

இந்த வரலாறு பெரும்பாலும் ஆண்களின் கதையாகவே சொல்லப்படுகிறது. அவர்களுக்கு மனைவியர் இருந்தார்கள். சிலருக்கு நோய் தொற்றியது, சில குழந்தைகள் நோயோடு பிறந்தன. மனைவியரும் கைம்பெண்களும் பிள்ளைகளும் அரசின் இலவச மருத்துவ உதவியில் சேர்க்கப்பட்டது 1975இல்தான். ஆய்வில் சேர்ந்த ஆண்களை வண்டியில் அழைத்துப்போய், நலம் விசாரித்து, அவர்களோடு பல்லாண்டு பழகியவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர். ஊராரின் நம்பிக்கையைப் பெற்றவரின் மூலமாகவே அந்த ஏமாற்று நடந்தது. ஆகவே, ஊர்க்காரரை வேலைக்கு வைத்தால் போதும் என்ற எண்ணத்துக்கு டஸ்கீகி ஓர் எச்சரிக்கை. சொல்பவர் சொந்தக்காரராக இருப்பதோடு, சொல்வது முழு உண்மையாகவும் இருக்க வேண்டும்.

மாண்ட்காமரி: மூன்று பெண்களின் சிலை

மாண்ட்காமரி அங்கிருந்து 65 கிலோமீட்டர். 1840களின் பிற்பாதியில் இந்த ஊரில்தான் சிம்ஸ், அடிமைப் பெண்கள்மீது மயக்கமருந்து இல்லாமல் திரும்பத்திரும்ப அறுவை செய்து மகப்பேற்றுக் காயமான ஃபிஸ்துலாவுக்குச் சிகிச்சை கண்டார். அனார்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் ஏட்டில் மிஞ்சின. கலைஞர் மிஷெல் பிரவுடர் 2021இல் அந்த மூவருக்கும் மாண்ட்காமரியில் சிலை எழுப்பினார். தூக்கியெறியப்பட்ட இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்துச் செய்த உருவங்கள். அனார்காவின் உயரம் சுமார் 15 அடி. அவள் அடிவயிற்றில் கருப்பை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

அந்த வெறுமையின் முன் நிற்கும்போது இன்றைய மருந்துகளின் வரலாறு வேறு விதமாகப் புரிகிறது. தொற்றைத் தடுக்கும் முதல் ப்ரெப் மாத்திரை ட்ருவாடாவுக்கு 2012இல் அனுமதி கிடைத்தது. பெண்ணுறுப்புத் திசுவில் போதிய அளவு சேர அதைச் சுமார் 21 நாள் தொடர்ந்து எடுக்க வேண்டும். 2019இல் ப்ரெப்பாக அனுமதி பெற்ற டெஸ்கோவி மாத்திரையின் பெரிய ஆய்வு ஆண்களையும் திருநங்கையரையும் மட்டுமே சேர்த்துக்கொண்டது. அதனால் பெண்ணுறுப்பு வழி உறவுக்கு அந்த மருந்தை அனுமதிக்கவில்லை. பெண்களுக்கு வலுவான சான்று தந்தவர்கள் ஆப்பிரிக்கப் பெண்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கேபோடெக்ராவிர் ஊசியை ஆப்பிரிக்க நாடுகளின் 3,224 பெண்களிடம் சோதித்தார்கள். அது 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபாவிர் ஊசியைத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம்பெண்கள் பெற்றார்கள். ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. அதன் முடிவு 2024இலும் அமெரிக்க அனுமதி 2025 ஜூனிலும் வந்தன.

அனார்காவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்தப் பெண்கள் சம்மதித்துத் தம் உடம்பைத் தந்தார்கள். அவர்கள் தந்த அறிவின் பலன் அலபாமாவின் கறுப்பினப் பெண்ணுக்கு எட்ட வேண்டும் என்பதே நியாயம். லெனகாபாவிருக்கு அமெரிக்காவில் 2025இல் குறிக்கப்பட்ட ஆண்டு விலை 28,218 டாலர். அந்நாட்டில் ப்ரெப் எடுப்பவர்களில் பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

செல்மா: 87 கிலோமீட்டர்

மாண்ட்காமரிக்கும் செல்மாவுக்கும் இடையே உள்ள 80ஆம் எண் சாலை வாக்குரிமைக்காக 1965 மார்ச்சில் மக்கள் நடந்த சாலை. செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் அடிபட்டவர்களின் ரத்தம் அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டமாயிற்று. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூலை 30ஆம் தேதி, ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டும் சட்டமானது. 2010இன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அதை இன்னும் பல ஏழைகளுக்கு விரித்தது. 2012இல் உச்ச நீதிமன்றம், ஏற்பதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பம் என்றது. தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி என்று இந்தத் தடத்தின் நான்கு மாநிலங்களும் அந்த விரிவை முழுமையாக ஏற்கவில்லை. அலபாமாவில் பிள்ளையில்லாத, ஊனமற்ற, நடுவயதுப் பெண் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மெடிக்கெய்டில் சேர முடியாது.

இதனால் விசித்திரமான ஒரு நிலை உண்டாகிறது. 1990இன் ரயன் வைட் சட்டம், தொற்று வந்த ஏழைக்குச் சிகிச்சை தருகிறது. அதே நிதியில் தொற்று வராத பெண்ணுக்கு ப்ரெப் மருந்து வாங்க முடியாது. நோய் வந்த பிறகு திறக்கும் கதவு, வருவதற்கு முன்பு பாதி மூடியே இருக்கிறது.

அடுத்த தடை தூரம். இந்தச் சாலை கடந்துபோகும் லவுண்டஸ் கவுண்டியின் வீடுகளிலிருந்து மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் போகக் கார் வேண்டும். இந்தத் தூரத்தை 1987 முதல் மாண்ட்காமரியில் இயங்கும் எம்.ஏ.ஓ. அமைப்பு தொலைமருத்துவத்தால் குறைக்கிறது. கிராமத்துச் சிகிச்சை அறையில் செவிலியர் மின்னணு ஸ்டெதாஸ்கோப்பை நோயாளியின் மார்பில் வைக்க, மருத்துவர் வேறோர் ஊரில் இருந்தபடி இதயத் துடிப்பைக் கேட்கிறார். மனநல ஆலோசனைக்கும் இந்தத் திரை உதவும். சிற்றூரில் ஆலோசகர் வீட்டு வாசலில் கார் நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும். பொது மருத்துவ அறையின் திரைக்கு முன் உட்கார்ந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஜாக்சனும் மவுண்ட் பேயூவும்

செல்மாவிலிருந்து மெரிடியன் வழியாக ஜாக்சனுக்குச் சுமார் 320 கிலோமீட்டர். அங்கே கைவிடப்பட்ட ஒரு வணிக வளாகத்தைக் குழந்தை மருத்துவர் ஏரன் ஷெர்லி 1990களின் நடுவில் மருத்துவ வளாகமாக மாற்றினார். கறுப்பினத்தவர் வாழும் பகுதியின் நடுவே, எல்லோருக்கும் வழி தெரிந்த ஓரிடத்தில், பல மருத்துவப் பிரிவுகள் ஒரே கூரையின் கீழ் வந்தன. எச்.ஐ.வி. சிகிச்சைக்குப் போகும் பெண்ணும் பல் காட்டப்போகும் பெண்ணும் ஒரே வாசலில் நுழைந்தால், யார் எதற்குப் போகிறார் என்று யாரும் கணக்கெடுக்க முடியாது.

ஜாக்சனுக்கு வடக்கே மிசிசிப்பி டெல்டா. கண்ணுக்கு எட்டியவரை சமவெளி. ரூல்வில் என்ற ஊரில் வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமரின் கல்லறை இருக்கிறது. 1961இல் கட்டி அகற்றப்போன அவருக்குத் தெரியாமலே கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். இத்தகைய கொடுமை பலருக்கும் நடந்ததால், ‘மிசிசிப்பி குடல்வால் அறுவை’ என்று மக்கள் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். டெல்டாவின் ஒரு பெண் புதிய ஊசியைக் கண்டு தயங்கினால் அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அவள் பாட்டிமார் கண்டதை அவள் நினைவில் வைத்திருக்கிறாள். தயக்கத்துக்கு மரியாதை தந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் நேரமும் சிகிச்சையின் பகுதிதான்.

கடைசி ஊர் மவுண்ட் பேயூ. அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்கள் 1887இல் தமக்கென்று அமைத்துக்கொண்ட ஊர். மருத்துவர் ஜாக் கைகரும் அவருடன் பணியாற்றிய ஜான் ஹேட்சும் இங்கே நிறுவிய டெல்டா சுகாதார மையம் 1967இல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்காவின் முதல் கிராமப்புறச் சமூகச் சுகாதார மையம் அது. குழந்தைகள் பசியால் நோயுறுவதைக் கண்ட மருத்துவர்கள், மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதிக்கொடுத்தார்கள். மளிகைக் கடை பொருளைக் கொடுத்தது, மையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து பணம் போனது. அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, பசிநோய்க்கு மருந்து உணவுதானே என்று கைகர் கேட்டார். மையம் கிணறும் வெட்டியது, கழிப்பறையும் கட்டியது, கூட்டுறவுப் பண்ணைக்கும் வழி செய்தது.

கொலம்பியாவின் பார்லரில் தொடங்கிய சாலை இந்தச் சீட்டில் வந்து முடிகிறது. டெல்டாவின் பெண்ணுக்கு இன்று எழுதித்தர வேண்டிய சீட்டும் நீளமானதுதான்: ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, அதை வாங்கக் காப்பீடு, மையத்துக்குப் போய்வர வண்டி, அந்த ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், அடிக்கும் துணையிடமிருந்து விலகித் தங்க ஓர் அறை, அழுதால் குறைவாக நினைக்காத ஒரு வட்டம். இதில் எந்த வரியை அடித்தாலும் முதல் வரியின் ஊசி அவளை எட்டாது.